ஐந்து படிகளுக்கு ஒரு லிஃப்ட்: பழைய கட்டடங்களில் கண்ணை உறுத்தாத சக்கர நாற்காலி மேடைகள்

ஒரு நூலக நிர்வாகக் குழு கேட்ட கேள்வி இதுதான்: நூறாண்டு கடந்த ஒரு பொது நூலகக் கட்டடம், முன்வாசலில் போர்டிகோவுக்குள் (வண்டி வந்து நிற்கும் கூரையிட்ட முன்மண்டபம்) ஐந்து கருங்கல் படிகள், அவற்றுக்கு மேல் வராந்தா. முன்னால் சாய்தளம் கட்டினால் முகப்பு கெட்டுவிடும் என்று நிர்வாகக் குழுவில் ஒரு தரப்பு சொல்கிறது. பின்வாசலில் கட்டிவிட்டால் போதாதா என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. லண்டனில் படிகளே உள்ளே நழுவிப்போய் லிஃப்டாக மாறுவதைக் காணொளியில் பார்த்த மூன்றாவது தரப்பு, அது எப்படி இயங்குகிறது, இந்தக் கட்டடத்துக்குப் பொருந்துமா என்று அறிய விரும்புகிறது.

பொருந்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய முகப்பைப் பார்த்தால் போதாது. படிகளுக்குக் கீழேயும் வராந்தாவுக்கு அடியிலும் என்ன இருக்கிறது, மழைநீர் எங்கே வடிகிறது, பொத்தானை அழுத்தப்போவது யார் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பொறியின் பெயரைப் பேச வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் ஒரு பொறியைப் பிடித்துப்போய்விடுகிறது, பிறகு கட்டடத்தை அதற்கேற்ப வெட்டத் தொடங்குகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஒரு படி 160 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஐந்து படிகள் 800 மில்லிமீட்டர் உயரம். சாய்தளத்துக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாகச் சொல்லப்படும் உச்சச் சரிவு 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம். அதன்படி சரிவின் நீளம் மட்டும் 9.6 மீட்டர். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் 12 மீட்டரைத் தாண்டிவிடும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் இதைவிடக் கண்டிப்பானவை. 12-க்கு 1 என்ற சரிவை அவை 2 மீட்டர் நீளத்துக்கு மட்டுமே ஏற்கின்றன. 10 மீட்டர் நீளம் ஓடும் சரிவு 20-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். அந்த மென்சரிவில் உங்கள் 800 மில்லிமீட்டரை ஏற, சரிவு மட்டும் 16 மீட்டர். கட்டடத்தின் முன்புறத்தில் அவ்வளவு நீளத்துக்குக் கைப்பிடிச் சுவரோடு ஒரு மேடு எழுந்தால் முகப்பு கெடும் என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், முக்கால் மீட்டரை மட்டும் ஏறுவதற்காக ஒரு முழு லிஃப்ட் அறையைக் கட்டுவதும் பொருத்தமாக இராது. சாய்தளத்துக்கு அதிகமாகவும் லிஃப்டுக்குக் குறைவாகவும் இருக்கும் இந்த இடைப்பட்ட உயரம்தான், மூன்று முதல் எட்டுப் படிகள் வரை உள்ள வாசல்களின் பொதுவான சிக்கல்.

லண்டனில் இந்தச் சிக்கல் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட வரிசை வீடுகளில், நடைபாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நிலவறைக்கு வெளிச்சம் விழுவதற்காகத் தோண்டிய ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல் கிடக்கும் கற்பலகையும் நான்கைந்து படிகளுமே தலைவாசலுக்கு வழி. அந்த வீடுகளில் பல இன்று அலுவலகங்களாகவும் தூதரகங்களாகவும் சங்கக் கட்டடங்களாகவும் இருக்கின்றன. முன்னால் இருப்பது பொது நடைபாதை என்பதால் அதன்மேல் சாய்தளத்தை நீட்ட வழியில்லை. பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி தனி அனுமதி பெற வேண்டும். அதே நேரத்தில், பொதுமக்களுக்குச் சேவை தருபவர்கள் கட்டடத்திலுள்ள தடைகளை நீக்கவோ மாற்றவோ தவிர்க்கவோ நியாயமான அளவில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கடமை, 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குள் சேர்ந்தது. இடிக்கவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது என்ற இந்த இரட்டை நெருக்கடியில்தான் மறைவான லிஃப்டுகளுக்குத் தேவை பெருகியது. நீங்கள் காணொளியில் பார்த்தது பெரும்பாலும் சரே மாவட்டத்தைச் சேர்ந்த சீசேம் நிறுவனம் செய்யும் வகையாக இருக்கும்.

பின்வாசல் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டு நகரில், கற்படிகள் ஏறித்தான் உள்ளே போக முடியும் என்றிருந்த ஒரு வங்கிக் கிளையின்மீது, சக்கர நாற்காலியில் செல்லும் இளம் வாடிக்கையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். இணையவழிச் சேவையைப் பயன்படுத்தலாம், வேறு கிளைக்குப் போகலாம் என்பது அந்தக் கிளையை நடத்திய ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் வாதம். லிஃப்ட் மேடைக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு செலவாகும், ஒரு நேர்காணல் அறையையும் இழக்க நேரும் என்று கணக்குக் காட்டப்பட்டது. வங்கியின் வசதிக்கு அது தாங்கக்கூடிய செலவே என்று கருதிய நீதிமன்றம், 6,500 பவுண்டு இழப்பீட்டோடு மேடையை அமைக்கவும் ஆணையிட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு வழி இருக்கிறது என்று சொல்வதாலேயே கடமை தீர்ந்துவிடுவதில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1993-இல் வெளியிட்ட பாரம்பரியக் கட்டட வழிகாட்டியும், முடிந்தவரை பொதுமக்கள் பயன்படுத்தும் முதன்மை வாசல் வழியாகவே அணுகல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பக்கவாசல் என்பது மற்ற வழிகள் அடைபட்ட பிறகு வருவது.

இனி, பொறி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஓய்வு நிலையில் அது படிக்கட்டு; அதில் ஏறி இறங்குபவருக்கு வேறுபாடே தெரியாது. மிதிகல்லும் முகக்கல்லும் உண்மையான கல்தான். ஆனால் முழுப் பாளமாக இல்லாமல், சில சென்டிமீட்டர் கனத்துக்கு அறுக்கப்பட்டு எஃகுத் தட்டுகளின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். அழைப்புப் பொத்தானை அழுத்தியதும், படிகளின் மேல் எவரும் நிற்கவில்லை என்பதைச் சென்சார்கள் உறுதி செய்த பிறகு, படிகள் பின்னோக்கி நகர்ந்து மேல்தளத்துக்கு அடியிலுள்ள வெற்றிடத்துக்குள் போய்விடுகின்றன. அவை விலகிய இடத்தில், தரையோடு தரையாக ஒரு மேடை வெளிப்படுகிறது. நாற்காலி அதன்மேல் ஏறி நின்றதும், பின்பக்கம் சக்கரம் உருண்டுவிடாதபடி ஒரு தடுப்பு எழுகிறது. மேடை செங்குத்தாக உயர்ந்து வராந்தாவின் தளத்தோடு சமமாகி நிற்க, முன்தடுப்பு தாழ்ந்து வழிவிடுகிறது. அவர் உள்ளே போன பிறகு மேடை இறங்குகிறது, படிகள் வெளியே வந்து பழைய இடத்தில் பூட்டிக்கொள்கின்றன. இத்தகைய மேடைகளுக்கு இங்கிலாந்தில் வினாடிக்கு 15 சென்டிமீட்டர் என்ற வேக வரம்பு இருக்கிறது. உங்கள் உயரத்தை ஏற அது ஆறு வினாடிக்குள் அடங்கும் தொலைவுதான். ஆனால் படிகள் உள்ளே போய், தடுப்புகள் எழுந்து இறங்கி, மீண்டும் படிகள் திரும்பி வர எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

இந்த அமைப்பின் தரத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால், கற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். நகரும் படிக்கும் நகராத பக்கச் சுவருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும். அதைக் கல்லின் இயல்பான இணைப்புக் கோட்டோடு ஒன்றிவிடும்படி அமைத்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. கல்லின் நடுவே வெட்டினால், பக்கவாட்டில் வெயில் விழும்போது நேர்கோட்டில் ஒரு கருங்கீற்றாகத் தெரியும். அதே கீற்றில்தான் மணலும் காய்ந்த இலையும் பீடித்துண்டும் விழுந்து, படிகள் ஓடும் தண்டவாளத்தில் சேரும்.

படிகள் நழுவும் வகையைத் தவிர வேறு வகைகளும் உண்டு. அவற்றில் ஒன்றே உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தலாம் என்று நினைக்கிறேன். டென்மார்க்கில் உருவான ஃப்ளெக்ஸ்ஸ்டெப் போன்ற அமைப்பில் படிகள் எங்கும் நழுவுவதில்லை. ஒவ்வொரு படியும் தனித்தனியே மேலும் கீழும் நகர்ந்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து, தாமே மேடையாகிவிடுகின்றன. பின்பக்கத்தில் வெற்றிடம் தேவையில்லை என்பது அதன் பெரிய வசதி. கட்டடத்தின் உட்புறத்தில், இரண்டு தளமட்டங்களுக்கு நடுவிலுள்ள சிறு படிக்கட்டுகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் அது பொறியாகவே தோற்றமளிக்கும். கருங்கல் படியின் தோற்றத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தது, படிகளைத் தொடாமல் அவற்றின் பக்கத்திலேயே தரையோடு பதிந்திருக்கும் மேடை. மேலே அதே கற்பாவு. கீழே கத்தரி வடிவில் மடிந்து விரியும் தூக்கி. அழைத்தால் கைப்பிடித் தடுப்புகளோடு எழுகிறது. ஓய்வில் தரையாகவே கிடக்கிறது. மறைக்கவே முயலாமல் நாணயமாக நிற்கும் லிஃப்டும் உண்டு: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் முதன்மை வாசலில் பன்னிரண்டு படிகளுக்கு இருபுறமும், பார்வையாளர் தாமே இயக்கிக்கொள்ளும் லிஃப்டுகள் வைக்கப்பட்டன. அவ்வளவு பெரிய தூண் வரிசைக்கு முன்னால் அவை உறுத்தவில்லை. சுவரோரம் தண்டவாளத்தில் சாய்வாக ஏறும் மடக்கு மேடை கடைசி வகை. மலிவானது, பொருத்துவதும் எளிது. ஆனால் விரிந்த நிலையில் படிக்கட்டின் அகலத்தையே விழுங்கிவிடும். மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஏறுவதை அதில் செல்பவர்கள் விரும்புவதும் இல்லை. வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

இப்போது மண்ணுக்குள் போவோம், ஏனென்றால் செலவும் தாமதமும் ஒளிந்திருக்கும் இடம் அதுவே. படிகள் உள்ளே நழுவ வேண்டுமானால், படிக்கட்டின் ஆழத்துக்கு ஏறத்தாழச் சமமான வெற்றிடம் மேல்தளத்தின் அடியில் வேண்டும். லண்டன் வீடுகளில் அந்த இடம் நிலவறைப் பள்ளமாகவோ நிலவறையின் மேற்பகுதியாகவோ ஏற்கெனவே வெற்றாக இருக்கிறது. நம் ஊர்க் கட்டடங்களில் அப்படியில்லை. பீடத்தை எழுப்பி உள்ளே மண்ணும் மணலும் செங்கல் ஜல்லியும் நிரப்பி, அதன்மேல் தளம் போட்டிருப்பார்கள். தலைவாசலின் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் அஸ்திவாரத்தின் மேல் நிற்கும். அந்த அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகிறது என்பது வரைபடத்தில் இருக்காது. அதன் பக்கத்தில் பொறிக்காகக் குழி தோண்டும்போது அஸ்திவாரத்தின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், சுவரைத் தாங்கிப் பிடித்து, அஸ்திவாரத்துக்குக் கீழே பகுதி பகுதியாக அடித்தாங்கல் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்குச் சாதகமான ஒன்று, தலைவாசலுக்கு முன்னால் வராந்தா இருப்பது. வராந்தாவின் நிரப்பு மண்ணை மட்டும் எடுத்து வெற்றிடம் செய்ய முடிந்தால் முக்கியச் சுவரைத் தொட வேண்டாம். வராந்தாத் தூண்கள் எதன்மேல் நிற்கின்றன என்பதை மட்டும் முன்னதாகத் தோண்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லையும் கவனிக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒரு கருங்கல் படி ஏறத்தாழ 190 கிலோ எடை இருக்கும். அதை அப்படியே நகரும் பொறியில் ஏற்ற எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்று சென்டிமீட்டர் பலகையாக அறுத்தால் 36 கிலோ. ஆனால் நூறாண்டாகப் பலர் கால்பட்டு நடுவில் குழிந்த படியை அறுத்துப் பலகையாக்கினால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பாரம்பரியப் பாதுகாப்பின் அடிப்படை விதியே, செய்த மாற்றத்தைப் பின்னொரு நாள் எடுத்துவிட்டால் பழையது திரும்ப வேண்டும் என்பதுதான். ஆகையால் பழைய படிகளை எண்ணிட்டு, வளாகத்துக்குள்ளேயே பத்திரப்படுத்திவிட்டு, அதே குவாரியின் அல்லது அதே நிறத்துக் கல்லில் புதிய பலகைகளை அறுத்துப் பொருத்துவதே நேர்மையான முறை. அப்படிச் செய்யும்போது, வாசலில் தெரிவது பழைய படியின் தோற்றமே தவிரப் பழைய படி அன்று. இதை ஏற்க முடியாது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அது நியாயமான மறுப்பு. படிகளைத் தொடாத, பக்கத்தில் எழும் மேடையின் பக்கம் நான் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தண்ணீர். காணொளிகளில் எப்போதும் வெயில்தான் அடிக்கிறது. தரைக்குக் கீழே குழி என்றால் அதில் தண்ணீர் சேரும். சேர்ந்தால் மோட்டாரும் வயரும் சென்சாரும் கெடும். இங்கிலாந்திலேயே குழிக்கு வடிகால் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் தெருவே முழங்கால் அளவு நிற்கும் ஊரில், குழியின் அடிமட்டம் தெரு வடிகாலின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் வடிகால் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும். அப்போது அந்தத் தண்ணீர் சேரும் சம்புத் தொட்டியும் தானியங்கிப் பம்பும் வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போவதும் அதே மழைநாளில்தான். கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மோட்டாரையும் குழிக்குள் வைக்காமல் மேலே, வராந்தா மட்டத்தில் ஒரு மூலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். போர்டிகோவின் கூரை நேர்மழையைத் தடுக்கும் என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல விஷயம். வெட்டவெளிப் படிகளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையாக எழுதியிருக்க மாட்டேன்.

பராமரிப்பில்லாத பொறி என்ன ஆகும் என்பதற்கு வெனிஸ் நகரமே சாட்சி. அங்கே கால்வாய்ப் பாலங்களின் படிகளில் பொருத்திய சாய்வு மேடைகள் உப்புக்காற்றிலும் பழுதிலும் சிக்கிப் பெரும்பாலும் ஓடாமல் கிடந்தன. பின்னர் பல பாலங்களில் நகராட்சி சாய்தளங்களின் பக்கம் திரும்பியது. 2008-இல் திறக்கப்பட்ட கான்ஸ்டிட்யூஷன் பாலத்தில் சக்கர நாற்காலிக்கு வழியே வைக்கப்படவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு, பாலத்தின் ஓரமாக ஊர்ந்து செல்லும் முட்டை வடிவக் கூண்டு ஒன்று 2013-இல் சேர்க்கப்பட்டது. மெதுவாக நகரும், வெயிலில் உள்ளே வேகும், அடிக்கடி நிற்கும். 2020-இல் அதைக் கழற்றியே விட்டார்கள். முதல் வரைபடத்தில் இடம்பெறாத வசதியைப் பின்னால் ஒட்டவைக்கும்போது நேரும் இழப்பு இது.

இனி பொத்தானை அழுத்துபவரிடம் வருகிறேன். மறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அழைப்புப் பொத்தானையும் மறைத்துவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. படிகள் வெறும் படிகளாகவே தெரியும் கட்டடத்துக்கு முன்னால் வந்து நிற்பவருக்கு, உள்ளே போக வழி இருக்கிறது என்பதே தெரியாது, திரும்பிப் போய்விடுவார். ஆகவே தரையிலிருந்து 80 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்துக்குள், நாற்காலி பக்கவாட்டில் வந்து நிற்க இடம் விட்டு, சக்கர நாற்காலிச் சின்னத்தோடு தெளிவாக ஒரு கம்பம் இருக்கட்டும். அது முகப்பைக் கெடுத்துவிடாது. காவலாளியைக் கூப்பிட்டு, அவர் அலுவலகத்தில் சாவி வாங்கிவந்து, பிறகு இயக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் அந்த லிஃப்ட் இருந்தும் இல்லாததுதான். குழந்தைகள் விளையாடிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், கேமராவும் அழைப்பு மணியும் வைத்து உள்ளிருந்து கண்காணியுங்கள், பூட்டாதீர்கள்.

பெரும்பாலான மேடைகளில், விரலை எடுத்தால் நின்றுவிடும்படி, பயணம் முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாடு இருக்கும். பாதுகாப்புக்காக வைத்ததுதான். ஆனால் கைவிரலில் வலுவில்லாதவர்களுக்கு, உதாரணமாகத் தசைச் சிதைவு நோயோ கழுத்துத் தண்டுவடக் காயமோ உள்ளவர்களுக்கு, இதுவே புதிய தடையாகிவிடும். உள்ளங்கையால் தள்ளினாலே இயங்கும் பெரிய பொத்தான் கேட்டுப் பெறலாம். மேடையின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்: தடுப்போடு கூடிய மேடையில் தனியாகச் செல்பவருக்கு 90 சென்டிமீட்டர் அகலமும் 140 சென்டிமீட்டர் நீளமும், துணையோடு செல்பவருக்கு 110 சென்டிமீட்டர் அகலமும் இங்கிலாந்தின் குறைந்தபட்ச அளவுகள். மின்சக்கர நாற்காலியே நூறு கிலோவுக்கு மேல் இருப்பதுண்டு. அதில் அமர்ந்தவரும் துணையாளும் சேரும்போது 300 கிலோவைத் தாண்டவும் கூடும். எனவே 400 கிலோவுக்குக் குறைந்த தாங்குதிறனை ஏற்க வேண்டாம். மேலே ஏறியபின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இருக்கிறதா, தேக்குக் கதவின் நிலைப்படி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். 800 மில்லிமீட்டரை ஏறிவந்து 50 மில்லிமீட்டர் நிலைப்படியில் மாட்டிக்கொண்டு நிற்கும் அபத்தத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் பார்த்திருக்கிறேன்.

படிகளை ஏறி இறங்கும் மற்றவர்களையும் மறக்கக் கூடாது. நூலகத்துக்கு வரும் முதியவர்களுக்குக் கைப்பிடி வேண்டும். படிக்கட்டின் முழு அகலத்தையும் நகரும் அமைப்பாக்கினால் நிலையான கைப்பிடி வைப்பது கடினம். ஒருவர் லிஃப்டில் ஏறும்போது மற்ற எல்லோரும் நிற்கவும் வேண்டும். பாதி அகலத்தை மட்டும் நகரச்செய்து மறுபாதியைக் கல்லாகவே விட்டால் இரண்டு சிக்கலும் தீரும். தீ விபத்தின்போது வெளியேறும் வழியும் இதே படிகள்தான் என்றால், பாதி அகலம் எப்போதும் திறந்திருப்பதைத் தீயணைப்புத் துறையும் எதிர்பார்க்கும். மின்தடையில் மேடை நடுவில் நின்றுவிட்டால் இறக்குவதற்கு பேட்டரியோ கைப்பம்போ இருக்க வேண்டும். அதை இயக்க, பணியிலிருக்கும் ஒருவருக்காவது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அணுகத்தக்கவை ஆக்கப்பட வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்திருந்த 15-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் தந்தது. இன்னொரு புறம், கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலோ மாநிலப் பட்டியலிலோ இருந்தால் அவர்களின் அனுமதியின்றிக் குழி தோண்ட முடியாது. சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியக் குழுவையும் அணுக வேண்டியிருக்கும். லிஃப்டுகளுக்கான உரிமத்தை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் மின் ஆய்வுத் துறை கவனிக்கிறது. இத்தகைய வழக்கத்துக்கு மாறான மேடையை அவர்கள் எந்த வகையில் சேர்ப்பார்கள் என்பதை வரைபட நிலையிலேயே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். பொறி வந்து இறங்கிய பிறகு கேட்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கும்.

உங்கள் கட்டடத்துக்கு என் பரிந்துரை இந்த வரிசையில் இருக்கும். முதலில் போர்டிகோவின் தரையைப் பாருங்கள். வண்டி வந்து நிற்பதற்காகக் கட்டியது அது. உள்ளே வரும் வண்டிப்பாதையின் நீளம் முழுவதையும் மெதுவாக உயர்த்தி, போர்டிகோவுக்குள் தரைமட்டத்தை இரண்டு மூன்று படி அளவுக்கு ஏற்ற முடியுமா? 20-க்கு 1 சரிவில் 10 மீட்டர் பாதை அரை மீட்டர் உயரம் தரும். வளாகம் பெரிதாக இருந்தால் பொறியே தேவைப்படாமல் போகலாம். கீழ்ப்படிகள் மண்ணுக்குள் மூடப்பட்டாலும் சேதமின்றி இருக்கும், தூண்களின் அடிப்பீடம் மறைவதற்கு மட்டும் பாரம்பரியக் குழு எதிர்ப்புச் சொல்லலாம். அது நடக்காதென்றால், போர்டிகோவுக்குள் படிகளின் ஒரு பக்கத்தில், தரையோடு பதிந்த மேடை. வராந்தாக் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதியை மட்டும் கதவாக்கினால் போதும்; ஐந்து படிகளும் அப்படியே இருக்கும். பக்கத்தில் இடமே இல்லையென்றால்தான் நழுவும் படிகள், அதுவும் பாதி அகலத்தில்.

எதைத் தேர்ந்தாலும், ஒப்பந்தப்புள்ளி கோருமுன் படிகளின் ஓரத்தில் ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சோதனைக் குழி தோண்டி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டும்வரை மூடாமல், வேலி கட்டி வைத்திருந்து நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். ஒப்பந்தத்தில் பொறியின் விலையோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். உதிரிபாகம் எந்த ஊரில் இருப்பில் இருக்கும், பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வாரம் ஒருமுறை தண்டவாளத்தைத் துடைத்து ஓட்டிப்பார்ப்பது யார் பொறுப்பு என்பவை எழுத்தில் வரட்டும். வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன், சக்கர நாற்காலியில் செல்லும் உங்கள் ஊர்வாசிகள் இரண்டு மூன்று பேரை வரவழைத்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேடையின் அளவிலும் கதவின் திருப்பத்திலும் ஓட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் முடிய ஓராண்டாவது ஆகும். அதுவரை வாசலை மூடி வைத்திருக்க வேண்டியதில்லை. மடித்து எடுத்துச்செல்லும் சிறு சாய்பலகைகள் ஒரு படிக்குத்தான் உதவும். ஐந்து படியின்மேல் அவற்றைப் போட்டால் கவிழ்ந்துவிடும், அந்த முயற்சி வேண்டாம். ஆனால் கல்லில் ஓர் ஆணியும் அடிக்காமல், எஃகுச் சட்டங்களை இணைத்து, 12-க்கு 1 சரிவில் இரண்டு மடிப்பாகக் கைப்பிடியோடு நிற்கும் தற்காலிகச் சாய்தளத்தைப் போர்டிகோவின் பக்கவாட்டிலிருந்து வராந்தாவுக்கு ஏற்ற முடியும். உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே செய்வார்கள். தோற்றம் சுமார்தான், லிஃப்ட் வந்ததும் கழற்றிவிடலாம்.